கை கொடுக்காமல் ஆடு விற்றவள்

எங்கள் மாவட்டப் பத்திரிகைக்காரன் மேல் எனக்கு ஏழு வருஷமாகக் கடுப்பு. எங்கள் நாரின் மலை ஊர்ப் பக்கத்து ஆட்டுச் சந்தைகளில் கயிறு பிடித்து விலை முடிக்கும் வழக்கத்தை தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் கொண்டுவந்தார்கள் என்று எழுதிவிட்டான். முதன்முதலாகக் கயிறு பிடித்த அன்றைக்கு அவர்கள் யாரும் சந்தைப் பக்கம் வரவே இல்லை. நான் இருந்தேன். நான் தரகன். வாங்குபவன் கையையும் விற்பவன் கையையும் இழுத்துச் சேர்த்துக் குலுக்குவதுதான் என் பிழைப்பு. அந்தக் கயிற்று வழக்கத்தைத் தொடங்கியவள் ஜிபார் என்ற பெண். அதனால் நானே எழுதுகிறேன்.

ஜிபாருக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிக்கூடத்துப் பழைய கொதிகலன் அறையில் அந்தப் பயிற்சியாளர்கள் பெண்பிள்ளைகள் மன்றம் ஒன்றை நடத்தினார்கள். பயிற்சியாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டை எடை போட, தீவனக் கணக்குப் பார்க்க, நாலு பேர் முன்னால் நின்று பேச எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் சேர்ந்து ஆடு வளர்த்தார்கள். முதல் வருஷம் ஜிபாரின் சித்தப்பா அசன்காசிதான் விற்றுக்கொடுத்தார். எங்கள் ஊரில் யார் கை குலுக்குகிறாரோ அவர் கையில்தான் பணம் போகும். அது அசன்காசி கைக்குப் போனது. மன்றத்துக்குப் பாதிதான் வந்து சேர்ந்தது. இந்த வருஷமும் அப்படி ஆகிவிட்டால் மன்றத்தை மூடிவிட்டுப் பிள்ளைகள் வீட்டு வேலையைப் பார்க்கட்டும் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் கூடி ஜிபாரைத் தலைவியாக்கி, "நீயே போய் வித்துட்டு வா" என்றார்கள்.

வந்தாள். ஒரு பழைய காரின் பின்பெட்டியிலும் பின்சீட்டிலும் கிடாக்கள், அவற்றோடு நெருக்கிக்கொண்டு மன்றத்துப் பிள்ளைகள். கிடாக்களை மட்டும் இறக்கி நிறுத்தினாள். பெரிய வியாபாரி எசென்குல் வந்து ஒரு கிடாவின் வாலைப் பிடித்துப் பார்த்தார். எங்கள் ஆடுகளுக்குக் கொழுப்பு வாலில்தான் சேரும்.

"இது என்ன வாலா, காஞ்ச பேரிக்காயா?"

"கையைச் சூடு பண்ணிட்டு வந்து பிடிங்க அண்ணே. விறைச்ச கைக்கு கொழுப்பு எப்படித் தெரியும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எசென்குல் விடவில்லை.

"பள்ளிக்கூடத்துல வளந்த ஆடு. பாடம் ஒப்பிக்குமா?"

"எடை ஒப்பிக்கும். தராசு அந்தா இருக்கு, ஏத்திப் பாருங்க."

ஏற்றினோம். அவள் சொன்ன எடையே நின்றது. அதற்குப் பிறகு பேரம் சூடு பிடித்தது. அவர் போவதுபோல் இரண்டு முறை திரும்பி நடந்தார். அவள் கூப்பிடவில்லை, கிடாவின் காதைச் சொறிந்துகொண்டு நின்றாள். இரண்டு முறையும் அவரே திரும்பி வந்தார். கடைசியில் நல்ல விலை படிந்தது. நான் வழக்கம்போல இரண்டு பேர் கையையும் பிடிக்கப் போனேன். எசென்குல் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அயல் பொம்பள கையை நான் தொடுறதில்ல. தப்பா நினைக்காத தங்கச்சி. உங்க அப்பாவைக் கூப்பிடு."

அப்பா மேலே மலையில் மந்தையோடு இருந்தார். எங்கிருந்தோ அசன்காசி கையை நீட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

"நான் இருக்கேனே. குடு தம்பி கையை."

அசன்காசி கையை நான் பிடித்தால் வியாபாரம் அவருடையது. பிடிக்காவிட்டால் வியாபாரமே இல்லை. ஜிபார் முகம் வெளுத்துப்போனது. கூட வந்த பிள்ளைகள் காருக்குள்ளிருந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் குனிந்தாள். முன்னால் நின்ற கிடாவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையை எசென்குல் முன்னால் நீட்டினாள்.

"என் கையைத் தொட வேண்டாம் அண்ணே. ஆட்டுக் கயிறைத் தொடலாம்ல? ஆடுதானே வாங்குறீங்க, சித்தப்பாவையா வாங்குறீங்க?"

எசென்குல் கயிற்றைப் பார்த்தார். அசன்காசியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து முனையைப் பிடித்தார். "சித்தப்பா வேணாம், தீவனம் அதிகம் தின்பாரு."

நான் கயிற்றின் நடுவைப் பிடித்து என் பலம் கொண்ட மட்டும் குலுக்கினேன். "முடிஞ்சுது" என்று கத்தினேன். பணம் அவள் விரித்த கோட்டு மடியில் விழுந்தது. காரின் நாலு கதவும் திறந்து பிள்ளைகள் கொட்டினார்கள். அசன்காசி அந்தப் பக்கம் சம்சா வாங்கப் போய்விட்டார்.

அடுத்த சந்தைக்கே ஒரு விதவைப் பெண் கயிறு நீட்டினாள். அப்புறம் எத்தனையோ பேர். மன்றம் இன்று மூன்று ஊரில் நடக்கிறது. ஜிபார் அதற்குத் தலைவி. அவளுக்குச் சொந்த மந்தையும் உண்டு. எசென்குல் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குகிறார்.

போன வாரம் என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, சனிக்கிழமை மன்றத்துக்கு வாங்க. புதுப் பிள்ளைங்க ஆடு வித்துப் பழகணும். நீங்க வாங்குறவரா நிக்கணும்."

"அதுக்கென்ன, வர்றேன்."

"சும்மா நிக்கக் கூடாது. ஆட்டைக் கேவலமா திட்டணும். சந்தையில என்னென்ன கேட்டீங்களோ அத்தனையும் திட்டுங்க. பிள்ளைங்க கண்ணு கலங்கினாலும் விலையை ஏத்தாதீங்க."