தறியை ஓட்டியவள்

மாடிவீட்டுப் பெண் அலறியதும் என் மகள் டிவி சத்தத்தைக் கூட்டினாள். என்னைப் பார்த்துப் பழகியதுதான்.

நான் சிறுமியாக இருந்தபோது திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் நான்கு விசைத்தறிகள் இருந்தன. அடுத்த வீட்டுச் சரசக்காவை அவள் புருஷன் அடிக்க ஆரம்பித்தால் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் ஓடிப்போய் மோட்டார் சுவிட்சைப் போடுவேன். எண்ணெயும் பஞ்சுத்தூசியும் மணக்கும் அந்தக் கூடம் தடதடவென்று அதிரும், அலறல் அமுங்கிவிடும். எனக்கு அதில் பெருமைகூட.

ஒருநாள் குழாயடியில் சரசக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு அவரு அடிச்சா தறிய ஓட்டாத சாமி. நாலு பேருக்குக் கேக்கட்டும்."

அம்மாவிடம் சொன்னேன். "அடுத்தவங்க ஊட்டுச் சண்டை நமக்கெதுக்கு கண்ணு?" என்றாள். சாயங்காலம் அந்த வீட்டில் அடி விழுந்தது. வழக்கம்போல் தறியை ஓட்டினேன்.

மறுநாள் சரசக்கா இல்லை. தானே உயிரை மாய்த்துக்கொண்டாள் என்றார்கள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகளிடமிருந்து ரிமோட்டை வாங்கி டிவியை நிறுத்தினேன். மாடியில் அலறல் இன்னும் நிற்கவில்லை.

"ஏம்மா நிறுத்துன? எல்லாம் கேக்குதே."

"கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன்.