கபரே மாலையும் காணாமற்போன சிரிப்பும்

பவளராணி காலமான செய்தி எனக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. அனுப்பியவருடைய எல்லாச் செய்திகளின் முடிவிலும் ஒரு சிரிக்கும் முகம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அதை எடுப்பது எப்படியென்று அவருக்குத் தெரியாது. ஆகவே, "பவளக்கா இண்டைக்கு விடிய மோசம் போயிட்டா" என்ற வரிக்குப் பக்கத்தில் அந்த முகமும் இருந்தது. ஒஸ்லோவின் புருசெத் நிலையத்தில் ரயிலுக்கு நின்றபடி வாசித்தேன். பவளக்காவிடம் கேட்டிருந்தால் அந்த முகத்தை எடுக்க விட்டிருக்க மாட்டார்.

ஒஸ்லோவில் தமிழ் நாடகம் பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் நகரத்தின் ரொம்மன் பகுதியில் வசித்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாக்களில் சிரிப்புப் பாத்திரங்களில் நடித்தார், பாடினார். எங்கள் நாடகங்கள் பெரும்பாலும் கண்ணீரில் முடிபவை. ஒரு கண்ணீருக்கும் அடுத்த கண்ணீருக்கும் இடையில் மேடைப் பொருட்களை மாற்ற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் திரைக்கு முன்னால் வந்து நிற்பவர் பவளக்கா. மாமியாராகவோ குடிகாரன் மனைவியாகவோ வருவார். பின்னால் கட்டில் இழுபடும் சத்தம் நின்றதும் போய்விடுவார். "நான் நடிகையில்லை, திரைச்சீலை" என்பார். ஆனால் சனம் வீடு திரும்பும்போது சொல்லிக்கொண்டு போனது அவருடைய வசனங்களைத்தான்.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு அவருடைய முதியோர் இல்லத்துக்கு இரண்டு நோர்வேஜியப் பெண்கள் வந்தார்கள். ஒரு பியானோ, சில பாட்டுகள், நடுநடுவே பகிடி. எல்லோரையும் கிண்டல் செய்தார்கள், முதலில் தங்களை. இதற்குக் கபரே என்று பெயர் சொன்னார்கள். பவளக்கா அடுத்த நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "நான் இவ்வளவு காலமும் செய்யிறதுக்கு இவையள் ஒரு பேர் வைச்சிருக்கினம்" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் குரலில் பகிடி இருக்கவில்லை. பத்து நிமிடத் திரைச்சீலையாக இல்லாமல் ஒரு முழு மாலையும் தனியாக மேடையில் நிற்பதென்று அன்றே முடிவெடுத்துவிட்டார்.

சிக்கல் அந்தப் பெயரில்தான் இருந்தது. நோர்வேஜிய மொழியில் கபரே என்றால் வேறொரு பொருளும் உண்டு: ஜெலிக்குள் உறைந்து நிற்கும் இறாலும் பட்டாணியும். எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டு பொருளும் தெரியாது. பழைய சினிமாவில் வில்லனின் விடுதியில், சிவப்பு வெளிச்சத்துக்கும் புகைக்கும் நடுவே படியிறங்கி வருகிற பெண்ணைத்தான் தெரியும். "பவளராணியின் கபரே மாலை" என்ற அறிவித்தல் கடைகளில் ஒட்டப்பட்டதும் சங்கத் தலைவர் கலங்கிப்போனார். (அவர் பெயர் வேண்டாம், இதை அவர் வாசிப்பார்.) "நகைச்சுவை விருந்து" என்று மாற்றும்படி கேட்டார். விருந்தென்றால் சனம் சாப்பாடு கேட்குமென்று பவளக்கா மறுத்துவிட்டார்.

மண்டபம் நிறைந்தது, ஆண்களால். வீட்டில் எல்லோருடைய மனைவிமாருக்கும் அன்று தலையிடியாம். தலைவர் கண்காணிப்பதற்காக முன்வரிசையில் இருந்தார். கண்காணிக்க வந்த வேறு பலரும் அதே வரிசையில் இருந்தார்கள். மண்டபத்தைத் திறந்துவிட்ட நோர்வேஜியர் மட்டும் இறால் எப்போது வருமென்று என்னிடம் விசாரித்தார்.

பவளக்கா கணுக்கால் வரை நீண்ட பனிக்கால மேலங்கியோடு மேடைக்கு வந்தார்.

"முன்வரிசை அண்ணாமார் அவசரப்படாதேங்கோ. எல்லாம் ஒண்டொண்டாக் கழட்டத்தான் போறன்."

மேலங்கியின் சிப்பை மேலிருந்து கீழே மெல்ல இழுத்தார். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை. அதைக் கழற்ற, இன்னொன்று. அதற்குள்ளும் ஒன்று. கடைசியில் பட்டுச்சேலையும் கழுத்து வரை மூடிய ரவிக்கையுமாக நின்றார்.

"இது ஒஸ்லோ. இதுக்கு மேலை கழட்ட ஒண்டும் இல்லை. இனிப் பாட்டுத்தான்."

சிப் இழுபட்டபோதே பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு இப்போது முன்வரிசைக்கும் வந்தது. முன்வரிசை சற்றுச் சத்தமாகவே சிரித்தது. சிரிக்காமல் இருப்பவர் எதற்கு வந்தவரென்று பக்கத்திலிருப்பவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா.

நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்தவர் குகன். ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில், வீட்டின் கீழ்த்தளத்தில் கலியாண வீடியோக்களைச் சீர்செய்யும் தொழில். குழந்தை அழுவது, கோப்பை விழுவது, மாமா இருமுவது எல்லாவற்றையும் அகற்றி, மந்திரத்தை மட்டும் விட்டுவைப்பதில் வல்லவர். அதே அக்கறையோடு பவளக்காவின் இறுவட்டையும் தயாரித்தார். "அக்கா, சனத்தின்ரை ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவும் துப்பரவாக்கிப் போட்டன்" என்று பெருமையோடு கையில் கொடுத்தார். பவளக்கா அங்கேயே போட்டுக் கேட்டார். அவர் ஒன்று சொல்கிறார், மௌனம், காத்திருக்கிறார், அடுத்ததைச் சொல்கிறார்.

"தம்பி, இந்த நாட்டிலை எங்கடை ஆக்களுக்கு முதல் குடுத்த வேலை துப்பரவு. நீர் அதை இன்னும் விடேல்லை."

மூலப் பதிவைத் தரும்படி கேட்டபோது, அதன் மேலேயே ஒரு கலியாணத்தைப் பதிந்துவிட்டதாகக் குகன் சொன்னார். அதிலும் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்றார் பவளக்கா.

இறுவட்டு அப்படியே கடைகளுக்குப் போனது. வேறொரு நாட்டுச் சிற்றிதழில் அதற்கு மதிப்புரை வந்தது. புலம்பெயர்ந்த பெண்ணொருத்தி வெற்று மண்டபத்தை நோக்கிப் பேசிப் பதிலுக்குக் காத்திருக்கும் அந்த மௌனங்கள் நமது காலத்தின் வெறுமையைச் சொல்வதாக விமர்சகர் எழுதியிருந்தார். "நான் இவ்வளவு ஆழமான ஆள் எண்டு எனக்கே இப்பதான் தெரியும்" என்றார் பவளக்கா.

பகிடி அதோடு முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு இன்னொரு மாலைக்கு அவர் மண்டபம் கேட்டார். சங்கத்தின் செயற்குழு கூடி இறுவட்டைக் கேட்டது. பார்வையாளர் எவரும் சிரிக்கவில்லை என்பது தெளிவாக இருப்பதால் நிகழ்ச்சியை மக்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்று தீர்மானித்தது. பவளக்கா வாதாடவில்லை. கட்டில் இழுபடும் இடைவேளைகளுக்குத் திரும்பிப் போனார்.

கேட்கக் கேட்க இறுவட்டு அவருடைய ஞாபகத்தையும் துப்பரவாக்கத் தொடங்கியது. வைத்தியசாலையில் கடைசியாக அவரைப் பார்த்தபோது, சிப் இழுத்த இடத்தில் சனம் சிரித்ததுதானே என்று கேட்டார். சிரித்தது, நான் அங்கேதானே இருந்தேன் என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினார்.

"நீர் பகிடி எழுதுற ஆள். உம்மடை சாட்சி செல்லாது."

இறுதிச் சடங்கில் அவருடைய முதற்பாட்டைப் போட மகள் மயூரி விரும்பினாள். குகன் பாட்டுகளைப் பிரிக்காமல் முழுவதையும் ஒரே தொடராகப் பதிந்திருந்ததால், பாட்டுக்குப் போக அந்தப் பேச்சைக் கடந்துதான் போக வேண்டும். சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: முன்வரிசை அண்ணாமார் அவசரப்படாதேங்கோ. முன்வரிசையில் தலைவர் இருந்தார். தலைவர்கள் இருக்கும் இடம் அதுதான். சிப் இழுபட்டது. பிறகு மௌனம். தலைவர் கைலேஞ்சியால் வாயைப் பொத்தினார், தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் முதுகைத் தடவினார். தலைவரின் முகத்தைப் பார்த்ததும் தடவியவரும் சிரித்துவிட்டார். அதன்பின் எல்லா வரிசைகளும். மண்டப ஊழியர் பதறிப்போய், இறுவட்டு மாறிவிட்டதா என்று மயூரியிடம் கேட்டார். இல்லை, இதுதான் என்றாள். இதுக்கு மேலை கழட்ட ஒண்டும் இல்லை என்றது குரல்.

வெளியே பனியில் தலைவர் என் பக்கம் வந்து நின்றார்.

"அண்டைக்கும் இந்த இடத்திலைதான் சிரிச்சனாங்கள்."

இதைச் செயற்குழுவில் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அங்கை இறுவட்டைத்தானே போட்டுக் கேட்டனாங்கள்" என்றார்.

அவர் பகிடி எழுதுகிறவர் அல்ல. அவருடைய சாட்சி செல்லும். அதைக் கேட்ட பவளக்காதான் இல்லை.

என்னிடம் எஞ்சியிருப்பது அந்த இறுவட்டு. காரில் போட்டுக் கேட்கிறேன். சிப் இழுபட்ட பிறகு வரும் மௌனத்தை வேகமாகக் கடப்பதில்லை. சனம் சிரித்து முடியும் வரை பவளக்கா காத்திருக்கிறார், நானும் காத்திருக்கிறேன். பிறகு பாட்டு வருகிறது.