ஒன்பதைப் பத்து என்று சொல்லாதவர்

முதல் நாளே ரபியைப் பற்றித் தவறாக எழுதிவைத்தேன். துபாயின் ஜுமைராவில் தன் மகள் வீட்டுக் குளியலறை வாசலில், கைகளைத் துடைத்தபடி, கண்களை மூடி, எதையோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார். எழுபத்தொன்பது வயது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கழிவு இரத்தத்தில் ஏறி, மூளை குழம்புவது உண்டு. ‘தனியாகப் பேசுகிறார், கவனிக்க வேண்டும்’ என்று நோயாளிக் குறிப்பேட்டில் எழுதினேன்.

மகள் மிரியம் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “அது ஜெபம், பிரதர். ஒவ்வொரு தடவையும் டாய்லெட் போய்விட்டு வந்ததும் அப்பா சொல்வார்.”

ஆண் நர்ஸ்களை இங்கே ‘பிரதர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். பதினோரு வருடமாகத் துபாயில் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ரபி என்றால் யூதர்களின் மதகுரு என்பது பைபிள் வாசித்துத் தெரியும். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்லுகிற குடும்பம்தான் எங்களுடையதும். ஆனால் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து கடவுளுக்கு நன்றி சொல்லுகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது.

வீட்டில் சிறுநீரக நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் அநேகமாகக் காலில்தான் தொடங்கியிருக்கும். ரபிக்கு ஒரு நாள் காலையில் செருப்பு நுழையவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது (உடம்பில் நீர் தேங்குவதன் அடையாளம்). கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) பல மடங்கு ஏறியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் (இயந்திரம் வழியாக இரத்தத்தைச் சுத்தம் செய்வது) என்று முடிவாயிற்று. புராஸ்டேட்டும் வீங்கியிருந்ததால் கதீட்டர் (சிறுநீர் வடியச் செருகும் மெல்லிய குழாய்) வைத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் கரும்புக்காடு சூழ்ந்த ஒரு சிற்றூரில் நாற்பது வருடம் ரபியாக இருந்தவர் அவர். கல்யாணம் செய்துவைத்தார், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார், மதமுறைப்படி கோழியும் அறுத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களை ஒவ்வொருவராக அடக்கம் செய்தார். கடைசியில் தொழுகைக் கூடத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு மகளிடம் வந்தார். அந்தச் சிற்றூரில் பக்கத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் இருந்தார்களாம். அவர்களிடம் கற்ற ஒரே சொல்லை வைத்து என்னைத் ‘தம்பி’ என்றே கூப்பிட்டார். மற்றதெல்லாம் ஆங்கிலம். இங்கே என் தமிழில் தருகிறேன்.

அந்த ஜெபத்தின் பொருளை ஒரு நாள் கேட்டேன். உடம்பில் இத்தனை துளைகளும் குழாய்களும் இருக்கின்றன, திறந்திருக்க வேண்டியது அடைத்துக்கொண்டாலோ, மூடியிருக்க வேண்டியது திறந்துகொண்டாலோ நாம் நிற்க மாட்டோம், இன்று நிற்கவைத்ததற்கு நன்றி. இவ்வளவுதான் விஷயம். நர்சிங் பள்ளியில் நாங்கள் வருடக்கணக்கில் படித்ததும் கிட்டத்தட்ட இதேதான்.

குழாய் வைத்த பிறகும் அவர் விடவில்லை. நான் பையைக் காலி செய்ததும் இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் கையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, நிதானமாக ஜெபத்தைச் சொல்வார். டயாலிசிஸ் தொடங்கிச் சில மாதங்களில் சிறுநீர் குறையத் தொடங்கியது. அரை டம்ளர், பிறகு இரண்டு ஸ்பூன், பிறகு ஒன்றுமில்லை. பல டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இப்படி ஆகும், பயப்பட வேண்டாம், இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதை அவருக்கும் சொன்னேன். அவருக்குப் பயம் இல்லை. ஆனால் தினமும் காலையில் கேட்பார். “ஏதாவது வந்ததா, தம்பி?” இல்லை என்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். மலச்சிக்கலால் மற்றதும் எப்போதாவதுதான். எதுவும் வெளியேறாமல் நன்றி சொல்ல அவர்கள் மதச் சட்டத்தில் இடமில்லை. கடவுள் பெயரை வீணாகச் சொன்னதாகிவிடும்.

ஆறு நாள் இப்படிப் போயிற்று. ஏழாம் நாள் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க உப்புநீர் விட்டுக் கழுவினேன். விட்ட நீர் திரும்பிப் பைக்குள் வந்து நின்றது. அவர் பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “வந்ததா?”

“வந்திருக்கு” என்றேன்.

அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொரு சொல்லாக, தீர்ந்துவிடக் கூடாதென்று மிட்டாயை மிச்சம் வைத்துச் சாப்பிடுகிற பிள்ளை போலச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பிறகு விட முடியவில்லை. தினமும் கழுவினேன், தினமும் ‘வந்திருக்கு’ என்றேன். ஆனால் சிறுநீர் அளவு எழுதும் சார்ட்டில் மட்டும் ஒழுங்காகப் பூஜ்யம் எழுதினேன். கைக்கு டூட்டி பயம் இருந்தது, வாய்க்கு இல்லை.

பத்தாம் நாள் டாக்டர் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. சார்ட்டைப் புரட்டிவிட்டு என்னிடம் தமிழில் கேட்டார். “இவ்வளவு நாளா ஒரு சொட்டும் இல்லையெண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறீங்கள்? பிறகென்னத்துக்குத் தம்பி இந்தக் குழாய்? கிருமி தொத்தப்போகுது, எடுத்துவிடுங்கோ.” அதையே ரபியிடமும் ஆங்கிலத்தில் சொன்னார்.

டாக்டர் போனார். நான் குழாயை எடுத்தேன். ரபி கூரையைப் பார்த்தபடி சொன்னார். “எங்கள் கூட்டுத்தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், தம்பி. என் மனைவியை அடக்கம் செய்த அன்று ஒன்பது பேர்தான் வந்தார்கள். பத்து என்று வைத்துக்கொள்வோம், யார் எண்ணப்போகிறார்கள் என்றார்கள். நான் ஒன்பதைப் பத்து என்று சொல்லவில்லை. அவளுக்காகச் சொல்ல வேண்டிய ஜெபத்தை அன்று சொல்லாமலே வீட்டுக்குப் போனேன்.”

திட்டியிருந்தால் தேவலை.

ஊரிலிருக்கும் மனைவி ஜெனிபாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். “நீங்க நல்ல மனசுலதான் சொன்னிய, இல்லேங்கல” என்றாள். “ஆனா அந்த மனுசன் கடவுள்கிட்ட பேசுனதயில்லா பொய்யாக்கிப்போட்டிய. போய் மன்னிப்பு கேளுங்க.”

கேட்டேன். அவர் தலையசைத்தார், அவ்வளவுதான். இரண்டு நாள் மருந்து, சாப்பாடு தவிர எங்களுக்குள் பேச்சில்லை. நோயாளியிடம் அவர் நன்மைக்காக என்று பொய் சொல்ல உங்களுக்கும் தோன்றும். ரபியை உடம்பின் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருக்கும்போது, மிச்சமிருந்த ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன் என்பது எனக்கு அந்த இரண்டு நாளில்தான் உறைத்தது. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் அவரே கூப்பிட்டார்.

“காலை ஏழு மணிக்கு வந்தாய். இதுவரை டாய்லெட் போனாயா?”

இல்லை என்றேன். டூட்டியில் அடக்கிக்கொள்வது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம்.

“உனக்கு இரண்டு சிறுநீரகம் வேலை செய்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. என்னிடம் நன்றி இருக்கிறது, சிறுநீர் இல்லை. போய்விட்டு வா. கை கழுவிவிட்டு இங்கே நின்று உன் பாஷையில் சொல். யார் சொன்னாலும் முழுதாகக் கேட்டவன் ஆமென் சொல்லலாம். அது பொய்யாகாது.”

போனேன். திரும்பி வந்து, முதல் வகுப்பில் மனப்பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி கைகட்டிக் கட்டிலருகே நின்றேன். “ஆண்டவரே, தண்ணி போச்சு. இன்னைக்கும் அடைக்கல. நன்றி” என்றேன்.

ஒரு நொடி பொறுத்து, “ஆமென்” என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் கோயிலில் கேட்டு வளர்ந்த அதே சொல்.

அதன்பின் தினமும் நாலைந்து தடவை இது நடந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி என்னை விரட்டுவார். அவருக்கோ ஒரு நாளைக்கு நாலு டம்ளருக்கு மேல் அனுமதியில்லை. நான் குடிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் குளியலறைப் பக்கம் போனாலே மிரியமுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பிறகு அவர் இதயம் தளர்ந்தது. டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரவைத்தாலே இரத்த அழுத்தம் விழுந்தது. “இனி மெசின் அவருக்கு உதவி செய்யாது, தம்பி. வருத்தம்தான் குடுக்கும்” என்றார் டாக்டர். நிறுத்தினோம். தூக்கம் கூடியது. சொன்னதைக் கேட்டாரா என்று தெரியாத நாட்களிலும் நான் கட்டிலருகே நின்று சொன்னேன். சில தடவை உதடு அசைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் மூச்சு நின்றது.

அவர் உடலைக் கழுவ அவர்கள் மதத்து ஆண்கள் வந்தார்கள். பதினான்கு மாதம் தினமும் குளிப்பாட்டிய நான் கதவுக்கு வெளியே நின்றேன். அது அவர்கள் முறை, சரிதான். ஆனாலும் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டபோது அழுதேன். பிறகு மிரியம் உடலை விமானத்தில் கொண்டுபோய்க் கரும்புக்காட்டு ஊரில், தாயின் பக்கத்தில் அடக்கம் செய்தார். அங்கிருந்து போன் செய்தார். “டர்பன் நகரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள், பிரதர். எங்கள் வழக்கத்தில் ஆட்களை எண்ணக் கூடாது என்பார்கள். நான் எண்ணினேன். பன்னிரண்டு ஆண்கள். அம்மாவுக்கும் சேர்த்து அந்த ஜெபத்தைச் சொன்னார்கள்.”

இப்போது வேறு வீட்டில் டூட்டி. நான் அடக்கிக்கொள்வதில்லை. ஒரு நாளைக் காலை, மாலை என்று பார்த்த காலம் போய், உடம்பு என்னைக் கூப்பிடுகிற ஐந்தாறு வேளைகளாகவே அது தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் கை கழுவிவிட்டு நன்றி சொல்கிறேன். சொன்னதும் ஒரு நொடி நிற்பேன். பதில் வராத அந்த நொடியில்தான் அவர் இல்லை என்பது தெரியும்.

துபாய் தேராவில் எங்கள் ரூமில் எட்டுப் பேர், ஒரு பாத்ரூம். காலையில் வரிசை நிற்கும். அரியலூர்க்காரர் முருகேசன் கட்டட சைட் வேலைக்குப் போகிறவர், எப்போதும் எனக்கு அடுத்த ஆள். முதலில், “என்னண்ணே, வாஷ்பேசின்கிட்ட ஜெபக்கூட்டமா?” என்று கேலி செய்தார். ஒரு நாள் விஷயத்தைச் சொன்னேன். முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் கை கழுவினேன், சொல்லி முடித்தேன், வழக்கம்போல் நின்றேன். தோளில் துண்டோடு பின்னால் நின்றிருந்த முருகேசன், “ஆமென்” என்றார். “நகருங்கண்ணே, எனக்கு பஸ் போயிரும்.”