கடைசியாக வருபவளை அடித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் கம்பெனித் தோழிகளுக்கும் வணக்கம். அக்காவைப் பொறுமையின் வடிவம் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினால் உங்களில் பலர் சிரித்துவிடுவீர்கள். அக்கா கைநீட்டுகிறவர். அந்தக் கையால் அதிகம் அடி வாங்கியவள், தங்கையாகிய நான்.

அக்கா பிறந்தது வெம்பக்கோட்டைக்கு அருகே ஒரு கரிசல் கிராமத்தில். மழை பொய்த்த வருடங்களில் நிலத்தை விட்டுவிட்டு சிவகாசிப் பக்கம் நாரணாபுரம் வந்தோம். அங்கே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த அத்தானுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். மறு வருடமே அத்தான் இருந்த அறை வெடித்தது. அந்த அறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. எல்லோரும் ஒரே நேரத்தில் அதன்மேல் விழுந்ததால் திறக்க வழியில்லை. ஒருவர்மேல் ஒருவராகக் கருகிக் கிடந்தவர்களை அக்காவே பிரித்துப் பார்த்து, காலில் இருந்த வெட்டுத் தழும்பை வைத்து அத்தானை அடையாளம் சொன்னார். அவர் அழவில்லை. கதவை உதைத்தார். கால் வீங்கிப் பல நாள் நடக்க முடியாமல் கிடந்தார்.

காரியம் முடிந்ததும் அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனார். நானும் பின்னால் அங்கே சேர்ந்தேன். 1960களின் தொடக்கத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் அறை அறையாக நடப்பார். சிந்திய வெடிமருந்தை ஈரச் சாக்கால் துடைக்கவைப்பார். வாசலில் நின்று எங்கள் கொண்டையை அவிழ்த்து இரும்பு ஊசி இருக்கிறதா என்று பார்ப்பார். நைலான் சேலை வந்த புதிதில், என் தோழி பேச்சியம்மாள் ஒருநாள் அதைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

“தீப்பிடிச்சா இது தோலோட ஒட்டிக்கிரும் புள்ள. அவுத்துப் போடு.”

பேச்சியம்மாள் முறைத்தாள். அக்கா சேலையைக் கிழித்தே விட்டார். தன் நூல் சேலையை அவள்மேல் எறிந்தார். மாலையில் அவள் புருஷன் வந்து அக்காவைத் தெருவில் போட்டு அடித்தான். மறுநாள் காலை, வீங்கிய முகத்தோடு அக்கா அதே வாசலில் நின்றார்.

எங்களுக்குப் பிடிக்காத வழக்கம் இன்னொன்று உண்டு. வேலை மும்முரத்தில் திடீரென்று “ஓடுங்க!” என்று கத்துவார். இருந்தது இருந்தபடி வெளியே ஓட வேண்டும். கடைசியாக வருபவளுக்கு ஓங்கி ஓர் அறை. பெரும்பாலும் அது என் கன்னத்தில் விழும்.

ஒரு தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்தது. முதலாளியின் மைத்துனர் எங்கள் அறையில் இரண்டு மடங்கு பெண்களை நெருக்கி உட்காரவைத்தார். பட்டாசுச் சரம் களவு போகிறதென்று பின்கதவைப் பூட்டினார். அக்கா அவரை மறித்தார்.

“பூட்டத் தொறங்க மொதலாளி. தீயி வந்தா இவளுக எங்கன போவாளுக?”

“எவ சீலைக்குள்ள எம்புட்டுச் சரம் போகுதுன்னு நீயா பாத்துச் சொல்லப்போற? ஒம் புருசன் செத்தான், கம்பெனி நின்னா போச்சு?”

அக்கா எங்களை முன்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டு, பூட்டிய கதவில் தோளால் மோதினார். மைத்துனர் அவர் கூந்தலைப் பிடித்து முகத்தைச் சுவரில் இடித்தார். முன்பல் உடைந்தது. அக்கா அவர் மணிக்கட்டைக் கடித்துக் குதறினார். லோடு ஏற்றும் ஆள் ஒருவர் கடப்பாரையோடு உதவிக்கு ஓடிவந்தார். வாயெல்லாம் ரத்தமாக அக்கா கத்தினார்: “இரும்பு வேண்டாம்யா! பொறி பறக்கும்!” பிறகு நாங்களும் தோள் கொடுத்தோம். கதவு நிலையோடு பெயர்ந்து விழுந்தது.

அன்று மாலையே அக்காவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். சீசன் அவசரத்தில் கதவைத் திரும்ப மாட்ட ஒருவருக்கும் நேரமில்லை.

சில நாள் கழித்துப் பக்கத்து அறையில் மருந்து தீப்பிடித்துக்கொண்டது. கூரை எங்கள்மேல் இறங்கியது. யாரோ ஒருத்தி “ஓடுங்க!” என்று அலறினாள். கதவில்லாத அந்த வாசல் வழியே ஓடினோம். என் முதுகு எரிந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் பேச்சியம்மாள்.

சத்தம் கேட்டு ஊருக்குள்ளிருந்து ஓடிவந்த அக்கா ஈரச் சாக்கால் என்னைப் பொத்தித் தரையில் உருட்டினார். தீ அணைந்ததும் கன்னத்தில் அறைந்தார்.

“எத்தனாவது ஆளா வந்தே? சொல்லு புள்ள!”

“கடைசிக்கு முந்தி” என்றேன்.

அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நெருப்பு மட்டும் இருந்தது. சாக்கைத் தலைமேல் போட்டுக்கொண்டு உள்ளே போனார். பேச்சியம்மாளை இழுத்து வந்தார். உயிர் இல்லை. தோல் உரிந்த கைகளோடு மைத்துனரைத் தேடிப் போய், அவர் விழும்வரை அடித்தார். ஒருவரும் தடுக்கவில்லை.

பிறகு முதலாளி வீடு தேடி வந்து அக்காவை மறுபடி வேலைக்கு அழைத்தார். “எல்லா அறையிலயும் வெளிய தொறக்கிற கதவு. பூட்டே கூடாது. சரின்னா வாரேன்” என்றார் அக்கா. நெஞ்சுச் சளி முற்றிப் படுக்கும்வரை அங்கேயே இருந்தார். விரல்கள் முழுதாக மடங்காத அந்தக் கைகளால் என் பிள்ளைகளையும் வளர்த்தார்.

தீக்காயம் பட்ட எங்களைத் தன் லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஓட்டுநருக்கும், கடையிலிருந்த வெள்ளைத் துணியையெல்லாம் எங்களைச் சுற்றக் கொடுத்த சிவகாசி ஜவுளிக்கடைப் பாய் குடும்பத்தாருக்கும், கடைசி நாட்களில் அக்காவைக் கவனித்த நர்சம்மாக்களுக்கும் நன்றி.

இறுதி ஊர்வலத்துக்கென்று கம்பெனியிலிருந்து வெடிக்கட்டுகள் வந்திறங்கின. ஊர் வழக்கம் அது. பேச்சியம்மாளின் தாயார் எழுந்து நின்று, “வேண்டாம்யா, திருப்பிக் கொண்டுபோங்க” என்றார். இளவட்டங்கள் முணுமுணுக்காமல் கட்டுகளைத் திருப்பி ஏற்றினார்கள். பாடை தெருமுனை திரும்பும்வரை பெண்கள் நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். நடந்துபோகிறவர்களின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்படி நடந்துபோன ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்குகிறோம்.