மண் தட்டும் என் வலது காலும்

எழுபதுகளில், திருத்தணிக்கு மேற்கே தன் வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி விரட்ட, என் அக்கா புருஷனான பாவா லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். பறக்கும் மண் தட்டு ஒன்றையாவது சுட்டு உடைத்தால்தான் நானும் துப்பாக்கியோடு காவலுக்கு வரலாம் என்பது அவர் நிபந்தனை.

பாவா தட்டை மேலே வீசுவார், நான் சுடுவேன், தட்டு பத்திரமாகப் புல்லில் இறங்கும். துப்பாக்கி உதைத்து என் தோள்பட்டை மட்டும் வீங்கிக்கொண்டே போனது. ஒருநாள் பாவா என் காலையே உற்றுப் பார்த்தார்.

“மச்சான், சுடும்போது எதுக்குக் காலை மிதிக்கிறே?”

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து தறியில் உட்கார்ந்தவன் நான். கை கயிற்றை இழுத்தால் கால் மிதியை அழுத்தியாக வேண்டும். துப்பாக்கி விசையை இழுத்தபோதும் கால் தன் வேலையைச் செய்தது. உடம்பு சாய்ந்து, குண்டு ஆந்திரா பக்கம் போனது.

காலை அடக்கினால் விரல் அசைய மறுத்தது. கடைசியில் வலது காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று சுட்டேன். தட்டு முழுசாக இறங்கியது, நான்தான் மல்லாந்து விழுந்தேன்.

பாவா துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். “நீ காவலுக்கு வா மச்சான். ஆனா பன்னி ஓட டின்னு தட்டிகினு உக்காரு. அதுக்கு நீ மிதிச்சாலும் பரவால்ல.”

அந்தப் பருவம் முழுக்கத் தட்டினேன். இருந்த கடுப்பில் நன்றாகவே தட்டினேன்.