லூர்து அக்கா கலர் மட்டும் அடிக்கவில்லை

அன்று காலை வேனைத் தவறவிட்டு, பஸ்ஸில் தாமதமாக வந்து ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது கடைசிக் கொக்கி. அதில் ஒரு பம்ப் மூடி தொங்கிக்கொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பவுடர் கோட்டிங் போடும் சின்ன ஷெட் எங்களுடையது. இரும்பு, அலுமினியச் சாமான்களைக் கொக்கிகளில் மாட்டி, கலர்ப் பவுடரைப் பீய்ச்சி, சூட்டடுப்புக்குள் அனுப்புவோம். ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கொக்கியைக் காலியாக விடுவது வழக்கம். அது லூர்து அக்காவின் கொக்கி. அப்படி ஒரு விதி கிடையாது, ஆனால் யாரும் அதில் கை வைத்ததில்லை. பம்ப் மூடியைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கேட்க வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் வராது. சூப்பர்வைசரே சொன்னார்.

"லூர்து இனிமே வராதும்மா. காலைல ஹைவேல லாரி அடிச்சிருச்சி. நீ டேப்பு ஒட்டு."

அவருக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் சொல்வதற்கு முன்பே கொக்கியை நிரப்பிவிட்டார்.

கவரைப்பேட்டையிலிருந்து வரும் எங்கள் வேன், சுற்றிக்கொண்டு வர வேண்டுமே என்று எங்களை ஹைவேயின் எதிர்ப்பக்கத்திலேயே இறக்கிவிட்டுப் போகும். நடுத் தடுப்பை ஏறிக் குதித்துத்தான் எல்லாரும் வேலைக்கு வருவோம். இதற்காக டிரைவரிடம் தினமும் சண்டை போட்ட ஒரே ஆள் அக்காதான். ஆஸ்பத்திரியிலும் சாவு வீட்டிலும் ஒரே பேச்சுதான் காதில் விழுந்தது: "பாக்காம கிராஸ் பண்ணிடுச்சாம்." எதற்காக கிராஸ் பண்ண வேண்டியிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. டிரைவர் மாலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மறுநாளும் எங்களை அதே பக்கத்தில்தான் இறக்கிவிட்டார்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்களுக்காகவும்தான். அவர்களில் பலருக்கு அக்காவை உண்மையில் தெரியாது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் ஷெட்டில் சேர்ந்தபோது, பவுடர் போகக் கூடாத ஓட்டைகளில் டேப் ஒட்டும் வேலையைக் கொடுத்தார்கள். அக்கா பவுடர் பீய்ச்சும் துப்பாக்கியைப் பிடிப்பவர். முகத்தில் துணி கட்டியிருப்பார், கண் இமையெல்லாம் அன்றைய கலராக இருக்கும். டீ நேரத்தில் மற்றவர்கள் என்னை ஊமையா என்று கேட்டுச் சிரித்தார்கள். அக்கா டீயைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"ஊமை இல்லடி. உங்ககிட்ட பேசி இன்னா ஆவப்போதுன்னு உக்காந்துக்கினு இருக்குது."

அதன் பிறகு என்னை யாரும் சீண்டவில்லை. அக்காவிடம் மட்டும் நான் கொஞ்சம் பேசினேன்.

இந்த ஷெட்டுக்கு வருவதற்கு முன் அக்கா டிவி போர்டு சேர்க்கும் கம்பெனி ஒன்றில், ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். கைக்கு அந்த வேலை மறக்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் மாஸ்டரின் பெடல் கெட்டுப்போனது. பெடல் என்பது கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் காலடியில் வைக்கும் சின்னப் பெட்டி. அதன் பொத்தானை மிதித்தால் கிட்டாரின் சத்தம் மாறும். கரகரக்கும், இழுக்கும், அழும். வெளிநாட்டுச் சாமான், இங்கே யாராலும் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அக்கா வாங்கிப் பிரித்தார். யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்று உள்ளே கறுப்புப் பிசினை ஊற்றி மூடியிருந்தார்கள். ஹேர்பின்னால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சுரண்டியதாக அக்கா சொல்வார்.

"உள்ள பாத்தா ஒண்ணியும் இல்ல பாப்பா. நாலு கெப்பாசிட்டர், ரெண்டு டிரான்சிஸ்டர். அதுக்குத்தான் அவ்ளோ பயம் அவனுக்கு."

அதைச் சரிசெய்தார். பிறகு அதே போல ஒன்று, அதிலிருந்து வேறு மாதிரி ஒன்று என்று செய்ய ஆரம்பித்தார். சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி வருவார். வீட்டில் போர்டு செய்வார். அலுமினியப் பெட்டியில் குமிழுக்கும் ஒயருக்கும் ஓட்டை போட்டு ஷெட்டுக்கு எடுத்து வருவார். நான் டேப் ஒட்டுவேன். வரிசை முடியும்போது கடைசிக் கொக்கியில் பெட்டி ஏறும். அன்றைக்கு ஷெட்டில் என்ன கலர் ஓடுகிறதோ அதுதான் பெடலின் கலர். டிராக்டர் சாமான் ஓடினால் ஆரஞ்சு. கட்டில் ஓடினால் ஆஸ்பத்திரி வெள்ளை. அதற்கு அக்கா வைத்த பெயர் பேஷண்ட் பெட்டி. இந்த மாதிரிக் கலரெல்லாம் ஃபாரின்ல மட்டும்தான் வரும் என்று வாங்கியவர்கள் சொன்னதைக் கேட்டு அக்கா வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்.

முதல் பெட்டியில் நாங்கள் சொதப்பினோம். வெறும் உலோகம் துளிகூடத் தெரியக் கூடாது என்பதுதான் எங்கள் தொழில். அதனால் உள்ளும் புறமும் மழமழவென்று பவுடர் போட்டு, நானே கையில் வாங்கிப் பார்த்து மெச்சிக்கொண்டேன். சர்ச்சில் மாஸ்டர் அதை மிதித்ததும் தேன்கூடு கலைந்த மாதிரி இரைச்சல். ஒயரின் எர்த் பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட வேண்டுமாம். நாங்கள் தொட இடமே விடாமல் மூடியிருந்தோம். பிரசங்கம் முடியும்வரை அது இரைந்தது. அக்கா பெஞ்சில் குனிந்து முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாராம். அடுத்த பெட்டியிலிருந்து உள்பக்கம் ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் டேப் ஒட்டுவது என் வேலையானது.

அக்கா வீட்டில் மூன்றே கம்பியுள்ள ஒரு பழைய கிட்டார் உண்டு. வாசிக்க அல்ல, பெட்டியைச் சோதிக்க. ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, பொத்தானை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். அக்கா ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். யாரோ நெஞ்சைப் பிளந்துகொண்டு கத்துவது போல அறை முழுவதும் சத்தம் வந்தது. கண்ணாடி கிடுகிடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர், என்னம்மா ஊட்ட இடிக்கிறியா என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் காலை எடுக்கவே இல்லை. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பெட்டிகள் மாஸ்டர் வழியாகத்தான் வெளியே போயின. காசு விஷயத்தில் அவர் ஒழுங்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு பெட்டியின் மேலும் தங்க நிறத்தில் தன் பெயர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினார். பொன்னேரியிலும் ஆந்திரா பக்கத்திலும் கிட்டார் வாசிப்பவர்கள் அதை மாஸ்டர் பெடல் என்று கேட்டு வாங்கினார்கள். ஒரு நாள் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு அக்காவிடம் நான் கோபப்பட்டேன். என் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை வந்து அக்கா பார்த்ததில்லை.

"பொம்பள செஞ்சுதுன்னு தெரிஞ்சா, வாங்கினவன் மறுநாளே ரிப்பேர்னு கொணாந்து குடுத்துருவான். பேர்ல இன்னா பாப்பா இருக்குது? சத்தம் வந்தா போதாதா?"

போதாது அக்கா. அன்றைக்கும் இதைச் சொல்லத்தான் நினைத்தேன். வேன் டிரைவரிடம் தினமும் மல்லுக்கு நின்ற நீங்கள், இதற்கு மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தீர்கள்? உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

அடக்கம் முடிந்து வீட்டில் ஜெபக் கூட்டம் நடந்தது. மாஸ்டர்தான் மைக் செட் ஏற்பாடு செய்திருந்தார். அவரே எழுந்து பேசினார். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது.

"நான் செய்ற பெட்டிங்களுக்கெல்லாம் நம்ம லூர்துதான் அழகா கலர் அடிச்சிக் குடுக்கும். அந்தக் கை இனிமே இல்ல."

கூட்டம் அழுதது. அக்காவின் அம்மாவும் தலையாட்டிக்கொண்டே அழுதார். மகள் இரவும் பகலும் சால்டரிங் புகையில் உட்கார்ந்திருந்ததை அதே வீட்டில் பார்த்தவர் அவர். அவரும் தலையாட்டினார். நான் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தேன். மைக் பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் மாஸ்டர் என்னிடம் வந்தார். அக்கா செய்து முடித்த போர்டுகளை அம்மாவிடமிருந்து ஒரு பையில் வாங்கி வைத்திருந்தார்.

"நீதான அங்க டேப்பு ஒட்டுற பொண்ணு? ஷெட்ல ஓட்டை போட்ட பெட்டிங்க மிச்சம் இருக்குதாமே. நீ கலர் அடிச்சிக் குடுத்துரு பாப்பா. உள்ள போடுறத நான் பாத்துக்கறேன்."

அதுவரை பாப்பா என்று என்னைக் கூப்பிட்டவர் அக்கா ஒருவர்தான். நான் பதில் சொல்லவில்லை. சரி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு, என் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

இதைப் படிப்பவர்கள் யாரிடமாவது ஆரஞ்சிலோ ஆஸ்பத்திரி வெள்ளையிலோ அந்தப் பெடல் இருக்கலாம். ஸ்டிக்கரில் என்ன போட்டிருந்தாலும் சரி, அதன் ஒவ்வொரு சால்டரும் லூர்து மேரி என்பவர் வைத்தது. அவர் கவரைப்பேட்டையில் இருந்தார். நன்றாகச் சிரிப்பார். வேலைக்கு வரும் வழியில் செத்துப்போனார்.

ஜெபக் கூட்டத்துக்கு மறுநாள், ஷெட் அலமாரியிலிருந்து மிச்சமிருந்த அந்தப் பெட்டிகளை எடுத்தேன். சாமான்களில் நம்பர் பதிக்க எங்கள் ஷெட்டில் எஃகு அச்சுகள் உண்டு. ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் இங்கிலீஷ் எழுத்து. வைத்து அடித்தால் உலோகத்தில் பள்ளமாக இறங்கும். பவுடர் போட்டாலும் மறையாது. சூப்பர்வைசர், யாரக் கேட்டு அத எடுத்த என்று தூரத்திலிருந்து சத்தம் போட்டார். நான் திரும்பவில்லை. முதல் பெட்டியை மேல்பக்கம் தெரியும்படி கட்டையின் மேல் வைத்தேன். 'எல்' எழுத்து அச்சை நடுவில் நிறுத்தி, சுத்தியலை ஓங்கி அடித்தேன்.