செல்வின் குரல் நடுங்கவில்லை

செல்வின் போய்விட்டான். நேற்று காலை, ஆவடியில், வீட்டிலேயே. ஹார்ட் அட்டாக்... நாற்பத்தோரு வயது.

அம்பத்தூர் ஆபீஸில் ஏழு வருஷம் எனக்குப் பக்கத்து சீட். பேச்சை மெதுவாக்கிக் கேட்கிற ஆப் ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குரலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி வைத்துக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் வடிவத்துக்குப் பெயர்தான் விண்டோ. தப்பான விண்டோ போட்டால் குரல் ஆடும்.

எந்த விண்டோ என்று நாங்கள் போடாத சண்டை இல்லை. ஹேமிங், ஹான் என்று அதில் வகைகள்; நான் ஹேமிங் என்பேன், அவன் ஹான் என்பான். "கிராஃப்லாம் சூப்பராத்தான் கீது மச்சான். காதுல போட்டுக் கேளு, கொரகொரன்னு கீது" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டிவிடுவான்.

டெஸ்டுக்கு எப்போதும் அவன் குரல்தான். அம்பத்தூர் எஸ்டேட் ஸ்டாப்பில் கத்துகிற பஸ் கண்டக்டர் மாதிரி ஒரே வரி... "எஸ்டேட்லாம் எறங்கு, முன்னால வா!" கேன்டீன் வரை கேட்கும்.

ஒரு தடவை, ஒருமுறை மட்டும் போட வேண்டிய ஹான் விண்டோவை வெட்டும்போது ஒருமுறை, கூட்டும்போது இன்னொரு முறை என்று இரண்டு தடவை போட்டுத் தொலைத்தேன். அன்று துண்டுகளும் நீளம். அவன் குரல் தள்ளாடி நடுங்கியது. சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர். "டேய், என்ன எம்பது வயசு கெயவன் ஆக்கிட்டியேடா."

அவனுக்கு ஒரு ரூல். சரியாக வந்த ஃபைலை, ஒரிஜினல் ரெக்கார்டிங்கோடு அழித்துவிடுவான். கெட்டுப்போனதை மட்டும் வைப்பான். "நல்லா கீறதுல இன்னா கத்துக்கப் போற?"

இன்று அடக்கம் முடிந்து காட்டுப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவன் மனைவி ஜெசி கூப்பிட்டார். "அண்ணா, அவரு வாய்ஸ் ஏதாவது இருக்கா உங்ககிட்ட?" செல்வின் வாய்ஸ் மெசேஜ் அனுப்பவே மாட்டான். கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டுதான்.

தேடினேன். இருந்தது எல்லாம் கெட்டுப்போன ஃபைல்கள். இருப்பதில் வார்த்தை புரிகிற மாதிரி இருந்தது, அந்த நடுங்கும் ஃபைல் ஒன்றுதான். என்னென்னவோ செய்து பார்த்தேன். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. அதையே அனுப்பினேன்.

திரும்பக் கூப்பிட்டார். "இது எப்ப பேசுனது ணா?"

"மூணு வருஷம் இருக்கும்மா."

"அப்பவே இப்படி நடுங்குதே... அப்பவே உடம்பு முடியாம இருந்திருக்காரு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

இல்லம்மா, விண்டோவை இரண்டு தடவை போட்டது நான், அவன் நன்றாகத்தான் இருந்தான் என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். "ஆறுதலுக்குச் சொல்றீங்க ணா" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

ஜெசி என்றைக்காவது படிக்கட்டும் என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன். படித்தாலும் நம்பப் போவதில்லை...

போய் வாடா மச்சான். உன் குரலைக் கெடுத்தவன் நான்தான்.